பன்னிரண்டு இலக்கத்தில் ரகசியம் எவ்வளவு?

ஏப்ரல் 30 வருமான வரிக் கெடு நெருங்க நெருங்க, பினாங்கு வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: எங்கே போனாலும் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைக் கேட்கிறார்களே, கொடுக்கலாமா? பன்னிரண்டு இலக்க எண்ணை யார் ஊகிக்கப் போகிறார்கள் என்று சிலர் தைரியமாக எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தைரியம் நிற்காது.

பன்னிரண்டு இலக்கங்களில் ஒரு லட்சம் கோடி எண்கள் எழுதலாம். ஆனால் முதல் ஆறும் பிறந்த தேதி. பிறந்தநாள் வாழ்த்து முகநூலில் கிடக்கிறது, வயது தெரிந்தால் ஆண்டும் கிடைத்துவிடும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07, 34, 35. ஜார்ஜ்டவுனில் 1984 மார்ச் 12 அன்று பிறந்த ஒரு பெண்ணின் எண் 840312-07 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் நான்கே இலக்கம், பத்தாயிரம் வாய்ப்பு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அதிலும் பாதி கழிந்துவிடும். ஒரு லட்சம் கோடி, 5,000 ஆகச் சுருங்கிவிட்டது. மாநிலக் குறியீடு மூன்றையும் சேர்த்தாலும் 15,000தான். கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை. சில நிறுவனங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஆவணங்களுக்கு இதே எண்ணைத்தான் கடவுச்சொல்லாக வைக்கின்றன. அது பூட்டே இல்லை.

இருவருக்கு ஒரே எண் அமையாமல் பார்ப்பதுதான் தேசியப் பதிவு இலாகாவின் வேலை. மூன்றாமவர் அதை ஊகிக்க முடியாது என்று எந்த அதிகாரி சொன்னாலும் நம்பாதீர்கள். ஊகிக்கும் சிரமம்கூடப் பலருக்குத் தேவைப்படாது. 2017இல் அம்பலமான கசிவில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிக் கணக்குகளின் விவரம் ஐசி எண்களோடு வெளியேறியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம்மைக் காக்கும் என்கிறார்கள். மத்திய, மாநில அரசுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

கடிதங்களில் இன்னொரு கேள்வி: எண்ணைத் தப்பாக அடித்தால் கணினி கண்டுபிடிக்குமா? இந்தியாவின் ஆதாரும் பன்னிரண்டு இலக்கம்தான்; அதன் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படுவதால், ஓர் இலக்கம் பிசகினாலும் அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் உடனே தெரியும். சிங்கப்பூர் எண்ணின் கடைசி எழுத்து, 11ஆல் வகுத்த மீதியிலிருந்து வருகிறது. நம் எண்ணின் வெளியிடப்பட்ட அமைப்பில் அப்படி ஒரு சரிபார்ப்பு இலக்கம் இல்லை. கடைசி நான்கில் ஒன்று பிசகினால் அது இன்னொருவரின் எண்ணாகவே இருக்கலாம். இது வருத்தத்துக்குரிய குறை.

மேலும் இரு சின்னக் கேள்விகள். என் எண் பகா எண்ணா? பெண்கள் எண் இரட்டைப்படை, ஆகாது. ஆண்களில் 1, 3, 7, 9இல் முடிவன சராசரியாகப் பதினொன்றுக்கு ஒன்று தேறும்.

அட்டையை மாற்றினால் எண் மாறுமா? மாறாது.

வரிப் படிவத்தில் எண்ணை எழுதத்தான் வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். எங்காவது அதைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.