கொல்லைத் தோட்டமும் குடும்ப ஆரோக்கியமும்

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி வீட்டில் விடியற்காலை கறக்கும் பால் சங்கத்திற்குப் போகிறது. கோழி முட்டை சந்தைக்குப் போகிறது. வரப்பில் விளைந்த தட்டைப்பயறும் வேலியோர முருங்கைக்காயும் வியாபாரியின் சாக்கில் ஏறிவிடுகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது சோறும் புளிக்குழம்பும் ஊறுகாயும்தான். கைச்செலவுக்குக் காசு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஊருக்கெல்லாம் சத்துள்ள உணவை விளைவித்துக் கொடுக்கும் வீட்டில் தாயும் பிள்ளையும் வெளிறிப் போய் நிற்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிலையும் அதுவே. மாலைக்கண் நோயும், அது முற்றிக் கருவிழி புண்ணாகிப் பார்வை போவதும் ஒரு காலத்தில் கிராமங்களில் சகஜமாக இருந்தன. 1970ல் தொடங்கிய வைட்டமின் ஏ திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப்பட்டு வருகிறது. இப்போது அந்நோய் முன்போல் காணப்படுவதில்லை. சோகை மட்டும் அகலவில்லை. களையெடுப்பில் பாதி நாளிலேயே மூச்சு வாங்கும் பெண்ணையும், வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையையும் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் அவர்களுடைய கண் இமையின் உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. அது சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

இதற்கு நிலம் அதிகம் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி இருந்தால் போதும். அதுவும் இல்லாதவர்கள் கிணற்றடியையும் வேலி ஓரத்தையும் பயன்படுத்தலாம். முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை போன்ற நீண்ட நாள் மரங்களை வடக்கு ஓரத்தில் வைத்தால் பாத்திகளில் நிழல் விழாது. முருங்கைக்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்து, மேல் மண்ணுடன் தொழு உரம் கலந்து நிரப்பி விதை ஊன்ற வேண்டும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 ரகம் ஆறு மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும். செடி இரண்டரை அடி உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கீரை பறிக்கவும் கைக்கு எட்டும். பப்பாளியில் கோ. 3, கோ. 7 ஆகிய ரகங்களை நட்டால் ஆண் மரத் தொல்லை இராது.

கீரைப் பாத்திதான் இத்தோட்டத்தின் உயிர்நாடி. ஆளுக்கு 100 கிராம் வீதம் ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ கீரை வேண்டும். பலரும் முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு வாரம் கீரை மலிந்து கிடக்கும். பிறகு ஒரு மாதம் ஒன்றும் இராது. பாத்தியை நான்கு துண்டாக்கி, வாரத்திற்கு ஒரு துண்டு வீதம் விதைப்பதே சரியான முறை. விதை மிகச் சிறியது. சென்ட்டுக்குப் பத்து கிராம் போதும். மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். கோ. 3 கீரையை விதைத்த 20 நாள் முதல் கிள்ளலாம். அதன் பின் வாரம் ஒரு முறை வீதம் பத்து முறை வரை கிள்ளலாம். ஆடிப் பட்டத்தில் அவரை, புடலை, பீர்க்கு விதைகளை வேலியோரம் ஊன்றிக் கொடியேற்றினால் தைக்கு முன்பே காய் கிடைக்கும். பாத்தியில் கத்தரி, தக்காளி, வெண்டைக்கும் ஓர் இடம் வேண்டும்.

தண்ணீர் இல்லையே என்பார்கள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வீதியில் தேங்கி நாற்றமெடுத்துக் கொசு பெருகுகிறது. அதே வீட்டில் செடிக்கு நீரில்லை என்கிறார்கள்! அந்த நீரைச் சிறு வாய்க்கால் வழியாக, கல்லும் மணலும் நிரப்பிய குழியில் வடியவிட்டு, வாழைக்கும் பப்பாளிக்கும் பாய்ச்சலாம். வழியில் கல்வாழை நட்டு வைப்பது நல்லது. கீரைப் பாத்திக்கு மட்டும் கிணற்று நீரே வேண்டும். அசுவினியும் இலைப்புழுவும் தோன்றினால் வயலுக்கு வாங்கிய மருந்தை இங்கே கொண்டு வரக் கூடாது. நாளைக்கே உண்ணப் போகும் கீரை அது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் போதும்.

தோட்டம் போட்டால் மட்டும் பிள்ளை தேறிவிடாது. விளைந்தது தட்டுக்கு வர வேண்டும். 1960களில் யூனிசெப், உலக உணவு வேளாண்மை நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியுடன் நம் நாட்டில் நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், பள்ளித் தோட்டம், வீட்டுத் தோட்டம், கோழி, மீன் வளர்ப்பு ஆகியவற்றுடன் தாய்மார்களுக்குச் சமையல் செய்முறை விளக்கமும் சேர்க்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். கீரை கொடுத்தால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்ற அச்சம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பருப்புடன் நன்றாக வெந்த கீரையை மசித்து, முதலில் ஒரு தேக்கரண்டி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் அழுக்குக் கையாலும் கழுவாத பாத்திரத்தாலும்தான். பழி கீரையின் மேல் விழுகிறது.

கீரையை நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். மூடி வைத்துக் குறைந்த நீரில் வேக வைக்க வேண்டும். வெந்த நீரைக் கொட்டக் கூடாது. ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துத் தாளித்தால்தான் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேரும். எலுமிச்சை பிழிந்து கொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் சேர்த்துக் கொண்டாலோ இரும்புச் சத்து நன்கு ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இது பாலில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆயினும் கர்ப்பிணிகளும் சோகை முற்றியவர்களும் கீரையை நம்பி இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வேறொரு திருடனும் உண்டு. திறந்த வெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலுடன் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உடலில் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். எவ்வளவு கீரை தின்றாலும் ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான். ஆகவே கழிப்பறையைப் பயன்படுத்துவதும், தோட்டத்தில் செருப்பு அணிவதும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கும்படி பார்த்துக் கொள்வதும் தோட்ட வேலையில் ஒரு பகுதியே.

பள்ளிக்கூடம் இதற்கு நல்ல துணை. 1956ல் பரவலாக்கப்பட்ட மதிய உணவும், 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தன. அந்தச் சமையற்கூடத்துக் கழுநீர் பாயும் இடத்தில் நாலு முருங்கையும் இரண்டு பப்பாளியும் நட்டு, ஆளுக்கு ஒரு செடி என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், பாடப் புத்தகம் சொல்வதை அவர்கள் கையால் செய்து பார்ப்பார்கள். தான் நீரூற்றிய செடியின் கீரையைப் பிள்ளை தட்டில் ஒதுக்காது. வீட்டிலும் ஒரு பாத்தியை அவர்கள் பொறுப்பில் விடலாம். மண் கொத்துவதும் குழி எடுப்பதும் ஆண்கள் வேலையாக இருக்கட்டும். அடுப்பு, மாடு, களையெடுப்பு எல்லாவற்றையும் சுமக்கும் பெண்ணின் தலையில் இதையும் கட்டினால் தோட்டம் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு செடியிலும் நல்ல காய் இரண்டைப் பறிக்காமல் விட்டு, முற்றிய பின் விதையெடுத்துச் சாம்பல் கலந்து மண் கலயத்தில் வைத்துக் கொண்டால் அடுத்த பட்டத்திற்கு விதை வாங்கத் தேவையில்லை. முதல் விதைக்கும் பப்பாளிக் கன்றுக்கும் விவசாயிகள் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகிக் கேட்கலாம்.