துரு விடும் வரை பொறுத்தல்

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், பரண்மீதோ கட்டிலின் அடியிலோ ஒரு பழைய பெட்டி இருப்பதைக் காணலாம். முதன்முதலில் இங்கு வந்தவர் எத்தொழிலைக் கொண்டு குடும்பத்தைக் காத்தாரோ, அத்தொழிலின் கருவிகள் அதனுள் இருக்கும். அவர் மறைந்த பின் அப்பெட்டியைத் திறப்பார் இல்லை. என்றோ ஒரு நாள் வீடு மாறும்போது திறந்தால், உள்ளிருப்பவை யாவும் துருவேறி இறுகிக் கிடக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துச் செல்வதோடு அவற்றின் வரலாறு முடிந்துவிடும். அவ்வாறு முடிய வேண்டுவதில்லை என்பதை அன்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

என் தந்தையார் மும்பையில் ஓர் ஆலையில் பிட்டராகப் பணியாற்றியவர். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் அவர் ஆலைக்குத் திரும்பவில்லை. கருவிப் பெட்டியையும் அவர் மீண்டும் திறந்ததாக எனக்கு நினைவில்லை. சென்ற கோடையில் வீடு மாற நேர்ந்தபோது நான் அதனைத் திறந்தேன். நாற்பது மழைக்காலங்களின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே புகுந்து தம் வேலையைச் செய்திருந்தன. திருகு ஸ்பானர் ஒன்று, குறடு ஒன்று, மேசை விளிம்பில் பொருத்தும் சிறிய வைஸ் ஒன்று ஆகிய மூன்றும் சிறிதும் அசையவில்லை.

“பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே அப்பா” என்றான் என் மகன். அவனுக்கு விடை கூறும் வேகத்தில் பெரிய சுத்தியலை எடுத்து வைஸின் தாடையை ஓங்கி அடித்தேன். வார்ப்பிரும்பு வளைந்து கொடுப்பதன்று, உடைவது. தாடை இரண்டாகப் பிளந்தது. நாற்பது ஆண்டுத் துரு செய்யாததை என் ஓர் அடி செய்துவிட்டது.

ஓசை கேட்டு வந்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, துரு ஒரு நாளில் பிடிக்கவில்லையே, ஒரு நாளில் விடச் சொன்னால் எப்படி விடும்?” என்றார். எஞ்சிய இரண்டையும் காப்பாற்றும் வழியை அவரே கற்பித்தார்.

முதலில் நோயின் மூலத்தை அறிய வேண்டும். இரும்பு நீரோடும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் கூடித் துருவாகிறது. உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. அவ்வாறு உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். திருகுக்கும் மரைக்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளியில் அது ஆப்பு அறைந்தாற்போல் நிரம்பிவிடுகிறது. ஆதலின் அந்த ஆப்பைத் தளர்த்துவதே நம் வேலை. கருவியோடு மல்லுக்கு நிற்பது அன்று.

கருவியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எப்பகுதி எதனால் பிணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் மண்ணெண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் கலந்து இணைப்பில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் டீசலைக் கொள்ளலாம். துரு தளர்த்துவதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் ஹார்டுவேர் கடைகளில் உள்ளன. மெல்லிய எண்ணெய், விளக்குத் திரியில் ஏறுவதுபோல், நுண்ணிய இடுக்குகளில் தானே ஊர்ந்து செல்லும். நம் வீடுகளில் கீல் இறுகினால் நல்லெண்ணெய் விடும் வழக்கம் உண்டு. அது கனமானது, நாளடைவில் பிசினாக மாறி முன்னிலும் இறுக்கிவிடும்.

எண்ணெய் விட்டபின் ஓர் இரவு காத்திருந்து, சிறிய சுத்தியலால் இணைப்பைச் சுற்றிலும் மெல்லத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு நுண்ணியதாக வெடித்து, எண்ணெய்க்கு வழி விடும். அடுத்து, தளர்த்தும் பக்கமாக மட்டும் முறுக்காமல், முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பின் தளர்த்த வேண்டும். சற்றே அசைந்தால் மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கும் இசையாவிடில் வெளிப்பகுதியின் மீது கொதிநீரை ஊற்றலாம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் விரியும். இது மயிரிழையினும் சிறிது. ஆயினும் துருவின் பிடியைத் தளர்த்த இதுவே பல வேளைகளில் போதும். உடனே ஈரத்தைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் தோய்ந்த கருவியை அடுப்பு நெருப்பில் காட்டுவது கூடவே கூடாது. அது தீ விபத்துக்கு வழி. கத்தி, உளி போன்றவற்றின் பதமும் நெருப்பில் கெட்டுவிடும்.

பகுதிகள் பிரிந்த பின், மேலே ஒட்டிய துருவை வினிகரிலோ புளிக்கரைசலிலோ ஊறவைத்து நீக்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியிட்டுத் துலக்கும் நம் இல்லத்தரசியர் நன்கறிந்த முறையே இது. ஆயினும் ஓர் இரவுக்குமேல் ஊறவிட்டால் புளிப்பு நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். எடுத்தவுடன் சோடா உப்பு கரைத்த நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும்.

குறடு மூன்றாம் நாள் வாய் திறந்தது. திருகு ஸ்பானரோ ஏழு நாள் பிடித்தது. ஏழாம் நாள் காலையில் அதன் சிறு திருகு என் கட்டைவிரலின் கீழ் மெல்ல உருண்டபோது, மகனைத்தான் முதலில் அழைத்தேன். அன்று மாலை அவனே அதனை வினிகரிலிருந்து எடுத்துத் துலக்கினான். கைப்பிடியின் துரு அகன்ற இடத்தில், தந்தையார் உளியால் வெட்டியிருந்த அவருடைய பெயரின் முதலெழுத்து தெரிந்தது. ஆலையில் ஒருவர் கருவி மற்றொருவர் கருவியோடு கலந்துவிடாதிருக்க அவ்வாறு செய்வார்கள் என்று பெரியவர் கூறினார். தாத்தாவை அவன் பார்த்ததில்லை. அந்த எழுத்தின்மீது விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று எங்கள் வீட்டுக் குழாயை இறுக்குவது அந்த ஸ்பானரே. உடைந்த வைஸும் பெட்டியிலேயே இருக்கிறது. அவசரம் தோன்றும்போதெல்லாம் அதனை எடுத்துப் பார்ப்பேன். அன்பர்கள் தங்கள் இல்லத்துப் பெட்டியை அடுத்த மழைக்காலம் வருமுன் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். சுத்தியலுக்கு முன் எண்ணெயையும், எண்ணெயோடு சில நாள் பொறுமையையும் எடுத்துக்கொள்க.