வலிக்கு ஓர் அளவுகோல்

திருப்பதியில் ஒரு மருத்துவமனை. அதன் இயன்முறை மருத்துவப் பிரிவில் பாட்டி ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். வேலையின் பொருட்டு ஆந்திராவில் குடியேறிய மகனின் வீட்டிற்கு அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. துணைக்கு வந்திருக்கும் பேரன் எட்டாம் வகுப்பு மாணவன். இயன்முறை மருத்துவர், "எக்கட நொப்பி?" என்று கேட்கிறார். எங்கே வலி என்பது அதன் பொருள். "இடுப்புல குடைச்சலா இருக்கு. ராத்திரியானா வலது காலு மரத்துப்போகுது. குனிஞ்சு கோலம் போட முடியல" என்கிறார் பாட்டி. பேரன், "நடுமு நொப்பி" என்று இரண்டே சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறான்.

இடுப்பு வலி என்னும் செய்தி மருத்துவரைச் சேர்ந்துவிட்டது. குடைச்சலும், கால் மரத்துப்போவதும், கோலம் போட முடியாமையும் சேரவில்லை. மருத்துவர் அறிய விரும்பியவை அவையே. ஏனெனில், பிறர் வலியைக் கண்ணால் காண இயலாது. வலியுடையவரின் சொல்லும் அவருடைய உடல் அசையும் விதமுமே அதற்குச் சான்றுகள். அச்சான்றுகளை அளந்து பார்க்கும் முறைகளை இயன்முறை மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உருவாக்கி வந்துள்ளனர்.

முதுகு சுமக்கும் ஊர்கள்

முதுகிற்கும் இடுப்பிற்கும் வேலை மிகுந்த பகுதி இது. சித்தூர்ப் பகுதியில் மாங்காய்க் கூடைகளும் வெல்ல மூட்டைகளும் தோளிலும் தலையிலும் ஏறி இறங்குகின்றன. நகரியில் விசைத்தறிகளின் முன் மணிக்கணக்கில் நிற்போர் உள்ளனர். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. முதியோரும் அவற்றில் ஏறுகின்றனர்.

ஆயினும், கீழ்முதுகு வலி ஓர் ஊருக்கோ ஒரு தொழிலுக்கோ உரியதன்று. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இவ்வலியால் துன்புற்றனர் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. 2050 ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 84 கோடியைத் தாண்டும் என்றும் அது மதிப்பிட்டுள்ளது. மக்களின் இயல்பான நடமாட்டத்தைக் குறைக்கும் காரணங்களுள் உலக அளவில் முதலிடம் பெறுவது இவ்வலியே.

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் உருவான ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது. மக்கள் அதனை 'ஸ்விம்ஸ்' எனச் சுருக்கி அழைப்பர். இயன்முறை மருத்துவத்தைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும் அங்கு இயங்குகிறது. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. அக்கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்று, 1966 இல் வேலூரில் தொடங்கப்பெற்ற மறுவாழ்வு நிலையத்திற்கு வழிகாட்டியாக விளங்கினார். 'இவரால் என்ன முடியவில்லை?' என்பதோடு நின்றுவிடாமல், 'இவரால் இப்போது எவ்வளவு முடிகிறது?' என்று கேட்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை. அளவீடு பிறப்பதும் அவ்வினாவிலிருந்துதான்.

படத்தில் தெரியாத வலி

கீழ்முதுகில் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. தசைகளும் தசைநார்களும் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கின்றன. கால்களுக்குச் செல்லும் நரம்புகள் இப்பகுதியிலிருந்தே பிரிகின்றன. அதனால்தான் இடுப்பில் தோன்றும் கோளாறு சில வேளைகளில் கால் மரத்துப்போவதாக வெளிப்படுகிறது.

கை எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படத்தில் தெரியும். முதுகுவலி அவ்வாறு தெரிவதில்லை. 1994 இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தன. ஏனையோரின் படங்களில் ஏதேனும் ஒரு மாற்றம் காணப்பட்டது. ஆனால், அவர்களுக்கு வலி இல்லை. இதற்கு மாறாக, கடும் வலியுடையவரின் படம் இயல்பாக இருப்பதும் உண்டு. ஆகவே, "படத்தில் ஒன்றுமில்லை, உங்களுக்கு வலியும் இல்லை" என்று எவரிடமும் சொல்லிவிட முடியாது.

நாடாவும் கடிகாரமும்

அவ்வாறாயின் எதனை அளப்பது? உடல் அசையும் அளவை அளக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தையற்காரரிடம் இருக்கும் அளவு நாடாவே போதும்.

ஜெர்மானிய மருத்துவர் ஷோபர் 1937 இல் ஒரு முறையை வகுத்தார். மக்ரே, ரைட் என்னும் இருவர் 1969 இல் அதனைத் திருத்தி அமைத்தனர். நோயாளி நிமிர்ந்து நிற்க வேண்டும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் இடத்திலிருந்து 10 செ.மீ. மேலே ஒரு புள்ளியும், 5 செ.மீ. கீழே ஒரு புள்ளியும் இடப்படும். இரண்டிற்கும் இடையே 15 செ.மீ. இருக்கும். பின்னர் நோயாளி முழங்காலை மடக்காமல் முன்னால் குனிவார். முதுகு வளையும்போது புள்ளிகள் விலகும். நன்றாக வளையும் முதுகில் இந்த இடைவெளி 20 செ.மீ. அளவிற்கு நீளும். விறைத்த முதுகில் ஓரிரு சென்டிமீட்டரே கூடும்.

மற்றொரு முறைக்குக் கடிகாரமும் நாற்காலியும் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர எத்தனை நொடிகள் ஆகின்றன என்று குறிப்பர். 1991 இல் கனடாவில் முதியோருக்காக வகுக்கப்பட்ட இம்முறை, முதுகுவலி உடையோரின் நடமாட்டத்தை அறியவும் பயன்படுகிறது.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். காலையில் முதுகு விறைத்திருக்கும், பகலில் தளரும். ஆகவே, முதல்நாள் காலையில் அளந்தவரை அடுத்த முறையும் காலையிலேயே அளத்தல் வேண்டும். ஒரே நோயாளியை இருவர் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வருகிறதா என்றும் ஆய்வாளர்கள் சோதிக்கின்றனர். நாடாவைப் பிடிக்கும் கை மாறியதால் வந்த வேறுபாட்டை, நோய் குணமானதாக எண்ணிவிடக் கூடாது அல்லவா?

சொற்களும் ஓர் அளவுகோல்

முதுகு எவ்வளவு வளைகிறது என்பதை நாடா சொல்லும். அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியுள்ளது என்பதை அது சொல்லாது. அதற்கென வினாப்பட்டியல்கள் உள்ளன. இங்கிலாந்தில் ரோலண்டு, மாரிஸ் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட பட்டியலில் 24 கூற்றுகள் உள்ளன. இன்றைய தன் நிலைக்குப் பொருந்தும் கூற்றுகளை நோயாளி குறிக்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் முடக்கம் மிகுதி, குறைந்தால் முன்னேற்றம்.

இத்தகைய பட்டியலை வேறு மொழிக்குக் கொண்டுவருவது எளிதன்று. ஒருவர் தமிழில் பெயர்ப்பார். மூலத்தைப் பாராத இன்னொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். இரண்டும் ஒத்துள்ளனவா என்று ஒப்பிடுவர். வாழ்க்கைமுறையையும் கருத வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவது குறித்த வினா, தரையில் சம்மணமிட்டு உண்பவருக்கு முழுமையாகப் பொருந்தாது. குடத்தைத் தூக்குவதும் கோலம் போடுவதும் அவருக்கு உரிய அளவுகோல்கள்.

வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், உளைச்சல், மரத்துப்போதல் என ஒவ்வொன்றும் தனிப் பொருள் உடையது. 'பிடிப்பு' என்றால் தசை இறுகியிருக்கலாம். 'கால் மரத்துப்போகிறது' என்றால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். சொல் மாறினால் மருத்துவர் தேடும் இடமும் மாறும்.

அளந்ததால் அறிந்த உண்மை

முதுகுவலி வந்தால் படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினர். பின்லாந்தின் ஹெல்சிங்கியில், திடீரென முதுகுவலி ஏற்பட்ட 186 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு குழுவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். ஒரு குழுவினர் முதுகுப் பயிற்சிகள் செய்தனர். மூன்றாம் குழுவினர் வலி இடங்கொடுத்த அளவிற்குத் தம் வழக்கமான வேலைகளைச் செய்துவந்தனர். பின்னர் வலி நீடித்த நாள்களையும், முதுகு வளையும் அளவையும், வேலைக்குச் செல்லாத நாள்களையும் ஒப்பிட்டனர். வழக்கம்போல் நடமாடியோர் விரைவில் தேறினர். படுத்திருந்தோர் மிகவும் தாமதமாகத் தேறினர். 1995 இல் இம்முடிவு வெளியாயிற்று. அளந்து பார்த்திராவிடில், அன்பின் மிகுதியால் "அசையாமல் படுத்திரு" என்று சொல்லி நோயாளியின் துன்பத்தை நீட்டித்துக்கொண்டே இருந்திருப்போம்.

எனினும், எல்லா முதுகுவலியும் ஒன்றன்று. கால்கள் வலுவிழந்தாலும், சிறுநீரை அடக்க இயலாமற் போனாலும், காய்ச்சலோடு வலி வந்தாலும், கீழே விழுந்தபின் வலி தோன்றினாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மீண்டும் அதே அறை

திருப்பதி மருத்துவமனைக்கே திரும்புவோம். பேரன் இம்முறை பொறுமையாகக் கேட்கிறான். குடைச்சல் எங்கே தொடங்குகிறது, கால் எப்போது மரத்துப்போகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பவற்றை ஒவ்வொன்றாகத் தெலுங்கில் சொல்கிறான். மரத்துப்போதலுக்குத் தெலுங்கில் 'திம்மிரி' என்னும் சொல் இருப்பது அவன் நினைவிற்கு வருகிறது. மருத்துவர் நிமிர்ந்து பார்க்கிறார். பாட்டியின் வலது காலைச் சோதிக்கிறார். பிறகு அளவு நாடாவை எடுக்கிறார். "குனிஞ்சு கோலம் போடணும்" என்பதைச் சிகிச்சையின் இலக்காகவே ஏட்டில் எழுதிக்கொள்கிறார்.

பாட்டியின் தமிழையும் மருத்துவரின் தெலுங்கையும் அறிந்தவன் அந்த அறையில் அவன் ஒருவனே. அன்று அவனுடைய இருமொழி அறிவும் ஓர் அளவுகோலாயிற்று.

சொல்லும் பொருளும்

இயன்முறை மருத்துவம் – பயிற்சி, அசைவு முதலியவற்றால் உடலின் இயக்கத்தை மீட்கும் மருத்துவம்
வட்டு – முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற பகுதி
விறைத்த – வளையாமல் இறுகிய
முடக்கம் – இயல்பாகச் செயற்பட முடியாத நிலை

விடை எழுதுக

1. பேரனின் முதல் மொழிபெயர்ப்பில் விடுபட்டவை யாவை? அவை ஏன் தேவையானவை?
2. முதுகு வளையும் அளவை நாடாவால் அறியும் முறையை உன் சொற்களில் விளக்குக.
3. ஹெல்சிங்கி ஆய்வு எந்த நம்பிக்கையை மாற்றியது?
4. உன் வீட்டுப் பெரியவர்கள் வலியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களைக் கேட்டறிந்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.