உள்ளே உமி, மேலே செவ்வந்தி

யப்பானின் நாகனோ மாநிலத்திலே, மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ என்னும் நகரம் இருக்கின்றது. அங்குள்ள பழைய கோட்டையைப் பார்க்கத்தான் வெளியூரார் போவார்கள். 2018ஆம் ஆண்டு பயிற்சி ஒன்றிற்காக அந்நாட்டில் தங்கியிருந்தபோது நாமும் அதற்கென்றே போனோம். ஆனால் எமது கண்ணில் முதலில் பட்டது தெருவில் பதித்திருந்த இரும்பு மூடி ஒன்று. கழிவுநீர்க் குழியை மூடும் அந்த வட்ட மூடியிலே, பூவேலை செய்த பந்துகள் வார்க்கப்பட்டிருந்தன. கோட்டை கட்டி ஆண்ட ஒரு நகரம், வாளையோ கேடயத்தையோ காட்டாமல் சிறுமியர் விளையாடும் நூற்பந்தைக் காட்டுகிறதே என்று நின்று பார்த்தோம்.

அந்தப் பந்தின் பெயர் தெமரி. 'தெ' என்றால் கை, 'மரி' என்றால் பந்து. எம்மோடு வந்த நண்பர், "கோட்டை எங்கேயும் ஓடிப்போகாது. இன்றைக்குச் சனிக்கிழமை, தைக்கிறவர்கள் கூடுவார்கள்" என்று சொல்லி எம்மை ஒரு பொதுமண்டபத்துக்குக் கூட்டிச் சென்றார்.

அங்கே நீண்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய். ஓய்வுபெற்ற ஆண் ஒருவர். ஆளுக்கொரு பிஸ்கற் தகரம், அதற்குள் நூற்கட்டைகள், ஊசி, குண்டூசி. சொல்லிக்கொடுத்த முதியவரை எல்லோரும் 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தார்கள்.

நாம் கேட்ட முதற் கேள்வியை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கின்றது. "ஒரு பந்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள்?" நண்பர் அதை மொழிபெயர்த்ததும் மேசை முழுவதும் சிரித்தது. சென்செய் பக்கத்திலிருந்த தோழியைக் காட்டி, "விலை வைத்தால் இவள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவாள், பிறகு தைக்கமாட்டாள்" என்றார். பேரப்பிள்ளை பிறந்தால், யாரும் நோயுற்றால், அயலவர் வீடு மாறிப் போனால் கொடுப்பதற்குத்தான் அவர்கள் பந்து செய்கிறார்களாம். அபிவிருத்தி வேலையில் ஊறியவர்களுக்கு, ஊசி நூலைக் கண்டால் உடனே வருமானந்தான் நினைவுக்கு வருகின்றது. முகாம் என்றால் தையல் மெசின், மெசின் என்றால் ஆறுமாத வகுப்பு, பிறகு ஒரு சான்றிதழ். வாசகர்களாகிய உங்களில் பலர் அந்த வகுப்புகளில் இருந்திருப்பீர்கள். பிறகு அந்த மெசின்களுக்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எம்மையும் ஒரு கதிரையில் இருத்தி, கையிலே ஒரு சிறு பை உமியைத் தந்தார்கள். நெல்லுமிதான். ஈரமில்லாமல் காய்ந்தது. முற்காலத்திலே கிழிந்த கிமோனோத் துணியைச் சுருட்டி உள்ளே வைப்பார்களாம். பந்து நன்றாகத் துள்ள வேண்டுமென்று, காட்டிலே முளைக்கும் ஒருவகைப் பன்னத்தின் இளந்தளிரை மூடியிருக்கும் பஞ்சு போன்ற சுணையைச் சேர்த்து வைப்பதும் உண்டு. இன்று பலர் ரெஜிபோம் உருண்டையைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் குழுவில் உமியே சட்டம். உமியின் நடுவிலே சிறு மணியொன்றை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால், குலுக்கும்போது ஓசை கேட்கும். சிறு கற்களையோ விதைகளையோ வைப்பவர்களும் உண்டு.

உமிப் பையை உள்ளங்கையில் உருட்டியபடி முதலில் தடித்த நூலையும் பின்னர் மெல்லிய தையல் நூலையும் சுற்ற வேண்டும். ஒரே தடத்தில் சுற்றக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தைச் சிறிது திருப்ப வேண்டும். மேலே உமி தெரியாமல் மூடினால் போதும் என்று நினைத்தோம். போதாது. ஊசி பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நூல் தடிப்பாய்ப் படிய வேண்டும். ஏறக்குறைய ஒரு நூற்கட்டை முழுவதும் அதிலே போய்விடுகின்றது. பூவேலை முடிந்த பிறகு இந்தச் சுற்று இடையிடையே நிலமாக மட்டுமே தெரியும். ஆனால் வேலையில் பெரும்பங்கு இதுதான்.

அடுத்தது, நாம் இன்றுவரை வியக்கும் பகுதி. அடிமட்டம் இல்லை, கவராயம் இல்லை, கணக்கும் இல்லை. ஒரு கடுதாசிக் கீலம் மாத்திரம். கீலத்தின் ஒரு நுனியைப் பந்தின் உச்சியில் குண்டூசியால் குத்தி, பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தொடங்கிய இடத்தைத் தொடுகிற இடத்திலே வெட்டிவிடுகிறார்கள். அதுவே பந்தின் சுற்றளவு. இரண்டாக மடித்தால், மடிப்பு விழும் இடம் அடி முனை. மீண்டும் மடித்தால் நடு வரை, எமது பூகோளப் புத்தகத்தில் மத்திய கோடு என்று படித்தோமே, அது. சுற்று 24 சென்ரிமீற்றர் என்றால் உச்சியிலிருந்து மத்திய கோடு 6 சென்ரிமீற்றரில் வரும்; ஆனால் அங்கே ஒருவரும் சென்ரிமீற்றரைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு அதே கீலத்தை எட்டாய் மடித்து மத்திய கோட்டிலே எட்டுக் குண்டூசிகள். ஊசிக்கு ஊசி பொன்னிற நூலை இழுத்தால் தோடம்பழச் சுளைகள் போல் பந்து பிரிந்துவிடும்.

எமது பந்து பிரியவில்லை. ஒரு பக்கமாகக் கீலத்தைப் பிடித்தால் அடி முனை ஓரிடத்தில் வந்தது. மறுபக்கமாகப் பிடித்தால் கால் அங்குலம் தள்ளி வந்தது. இரண்டுக்கும் நடுவிலே குத்திவிடலாமா என்று கேட்டோம். சென்செய் பதில் சொல்லவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தமது தகரத்தில் போட்டுவிட்டு, பந்தையும் நூற்கட்டையையும் எமது கையில் வைத்தார். பந்து முட்டை வடிவில் இருந்தால் அதன்மேல் பூ எப்படி ஒழுங்காய் விழும்? மேலும் ஒரு மணித்தியாலம் சுற்றினோம்.

பூவேலை என்பது பெரும்பாலும் செவ்வந்தி. ஊசி குறிநூலுக்கு அடியிலே சிறிதளவே நுழைந்து எழும்புகின்றது. உச்சிக்கு அருகே ஒரு குத்து, மத்திய கோட்டுக்கு அருகே ஒரு குத்து, மீண்டும் உச்சிக்கு. அடுத்த சுற்று முதற் சுற்றுக்கு வெளியே ஒட்டிப் படுக்கும். நிறத்தை மாற்றி மாற்றிப் போனால் இதழ் விரியும். முடிச்சு எங்கேயும் போடுவதில்லை. நூல் முடிந்தால் நுனியைச் சுற்றுக்குள்ளே ஓட்டி மறைத்துவிடுவார்கள். கடைசியிலே மத்திய கோட்டைச் சுற்றி ஒரு பட்டி கட்டப்படும். அதற்குக் கிமோனோவின் இடைப்பட்டியின் பெயரே: ஓபி.

இந்தப் பந்து பிறந்த கதையும் எமக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டிலே சீனத்திலிருந்து மான்தோற் பந்தை உதைக்கும் விளையாட்டு யப்பானின் பிரபுக்களிடம் வந்தது. பின்னாளில் கையால் தட்டி விளையாடும் பந்து உண்டாயிற்று. பட்டு நூல் பெரிய வீடுகளுக்கு. எடோ காலத்திலே, அதாவது 1603 முதல் 1868 வரை, பருத்தி பரவியதும் அது குடியானவர் வீடுகளுக்கும் இறங்கியது. ரியோக்கன் (1758 – 1831) என்ற பௌத்த துறவி இந்தப் பந்தைத் தமது அங்கியின் கையிலே வைத்துக்கொண்டு திரிந்து, கிராமத்துப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் விளையாடுவாராம். துறவிகள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்ற குறை அக்காலத்திலும் இருந்திருக்கும்!

மெய்ஜி காலத்திலே றப்பர் பந்து வந்தது. நூற்பந்தைவிட அது உயரத் துள்ளியது, மலிவாயும் இருந்தது. விளையாட்டுச் சாமான் என்ற வகையில் தெமரியின் கதை அத்தோடு முடிந்துபோனது. அது அடியோடு அழியாமற் போனதற்குக் காரணம் ஆங்காங்கே சிலர் எடுத்த முயற்சி. கககாவா மாநிலம் மழை குறைந்தது. குளங்களை நம்பியே நெல் விளைவிக்கும் நாடு. முன்னாளில் பருத்தியும் அங்கே நன்றாய் விளைந்தது. அங்கே ஒரு கணவனும் மனைவியும், செய்முறையை மறவாத முதியவர்களைத் தேடித் திரிந்து, உமி வைத்துப் பருத்தி நூலால் செய்யும் முறையை மீட்டெடுத்தார்கள். செடிகொடிகளால் சாயம் தோய்த்த அந்த நூலை இன்றும் அவ்வழி வந்தவர்கள் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் விற்கவும் செய்கிறார்கள். யனகவா என்ற ஊரில், மார்ச் 3ஆம் திகதி பெண்பிள்ளைகளின் திருநாளுக்கு, ஏழு சரங்களில் ஏழேழாக 49 கைவேலைகளையும், நடுவிலே இரண்டு பெரிய நூற்பந்துகளையும் தொங்கவிடுவார்கள். மொத்தம் 51. மனிதர் வாழ்வு ஐம்பது என்று எண்ணிய காலத்திலே, இந்தப் பிள்ளை ஒரு வருடமாவது கூட இருக்கட்டும் என்று தாய்மார் வைத்த கணக்கு அது.

விலை வைப்பதே பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. அதே நாட்டின் வடகிழக்குக் கரையில் ஓட்சுச்சி என்னும் ஊரின் பெரும்பகுதியை 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோனது. ஆண்களுக்கு இடிபாடுகளை அகற்றும் வேலையாவது கிடைத்தது. தங்குமிடங்களிலிருந்த பெண்களுக்கு, விசேடமாக வயதானவர்களுக்கு, செய்ய ஒன்றுமில்லை. அவ்வாண்டே அங்கே சஷிகோ தையல் தொடங்கப்பட்டது. கிழிந்த உடுப்பை ஒட்டுப்போட்டு உறுதியாக்க ஏழைகள் தைத்த எளிய ஓட்டுத் தையல் அது. ஊசியும் நூலும் துணியும் போதும், ஒடுங்கிய இடத்திலும் தைக்கலாம். தைத்தவை விற்கப்பட்டன, பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது. எனினும் தொடக்கத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது காசு மாத்திரமல்ல, விடிந்தால் கைக்கு ஒரு வேலை.

பொதுமண்டபத்தில் விளக்கணைக்கும் நேரம் வரை தைத்தோம். எமது செவ்வந்திக்கு எட்டு இதழ் வரவேண்டும். வந்தது எட்டுத்தான், ஆனால் இரண்டு மற்றவற்றைவிடப் பருத்திருந்தன. சென்செய் அதைத் திருத்தவில்லை. ஓபியை மட்டும் தாமே சுற்றிக்கொடுத்தார். அந்தப் பந்து இன்றும் எமது எழுதும் மேசையில் இருக்கின்றது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். தரையில் உருட்டிவிட்டால் எப்போதும் இடப்பக்கமாகவே போகும்.