மீண்டும் கேட்ட ஒலி – 7: மெல்பர்ன் பரிசோதனை அறை

சென்ற வாரம் பாரிஸில் நிறுத்தியிருந்தோம். 1957 பிப்ரவரியில், இயற்பியல் அறிந்த ஆந்த்ரே ஜூர்னோ தன் கையால் செய்த கம்பிச்சுருளை, காது அறுவை மருத்துவர் ஷார்ல் எய்ரியே ஒருவருக்குப் பொருத்தினார். செவி முழுதும் போனவருக்கு ஒலி கேட்டது. பிறகு கருவி பழுதானது. மாற்றிப் பொருத்தியதும் பழுதானது. தொழில் நிறுவனம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் எய்ரியே. கண்டுபிடிப்பை வணிகமாக்க மாட்டேன் என்றார் ஜூர்னோ. இருவரும் பிரிந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பிரிவின் விலையைக் கொடுத்தவர்கள் காது கேளாதவர்கள்தான்.

மெல்பர்னில் நடந்தது வேறு. மருந்துக்கடை வைத்திருந்த, காது மந்தமான ஒரு தந்தையின் மகன் கிரேம் கிளார்க். 1970இல் பல்கலைக்கழகத்தில் காது, மூக்கு, தொண்டைப் பேராசிரியரானார். தொலைக்காட்சி வழியாகப் பொதுமக்களிடம் திரட்டிய பணமும் கைகொடுக்க, பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, காதுக்குள் பொருத்தும் அப்படியொரு கருவிக்கான வேலையைத் தொடங்கினார்.

உட்காதில் நத்தைபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கிறது காக்ளியா. வாசல் பக்கம் கீச்சொலி, உள்நுனியில் கனத்த ஒலி என்று அதில் இடம் பிரிந்திருக்கிறது. அந்தச் சுருளுக்குள், நரம்பைத் தூண்டும் மின்முனைக் கம்பி வளைந்து போக மறுத்தது. 1977இல் மின்னமுரா கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து, அதற்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார் கிளார்க். அடியில் விறைப்பும் நுனியில் நெகிழ்வும் கொண்ட புல் சுழன்று உள்ளே போனது. கம்பியும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது.

இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கார் விபத்தில் செவி இழந்திருந்த ராட் சாண்டர்ஸுக்குக் கருவியைப் பொருத்தும் அறுவை நடந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பேச்சின் எல்லா அதிர்வெண்களையும் ஒரே நேரத்தில் மின்சாரமாக அனுப்பினால், காக்ளியாவின் திரவத்தில் மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். எதை அனுப்புவது, எதை விடுவது? விடைக்கான நூல்முனை சாண்டர்ஸிடமே கிடைத்தது. ஒரு மின்முனையைத் தூண்டினால் ஓர் உயிரொலி போலவும், இன்னொன்றைத் தூண்டினால் வேறோர் உயிரொலி போலவும் கேட்கிறது என்றார் அவர்.

'ஈ' என்றும் 'ஊ' என்றும் மாறிமாறிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு முன்னும் பின்னும் போகும். அதோடு வாயறையின் ஒத்ததிர்வும் ஏறி இறங்கும். அந்த ஒத்ததிர்வை மட்டும் பேச்சிலிருந்து பிரித்தெடுத்து, அதற்குரிய மின்முனைக்கு அனுப்பும் வழியை வகுத்ததில் பொறியாளர் ஜோ டாங்கின் பங்கு பெரிது. நரம்பு எதைத் தாங்கும் என்று மருத்துவரும், சுற்று எதைச் செய்யும் என்று பொறியாளரும் அறிவார்கள். கேட்பது எப்படியிருக்கிறது என்று சொல்ல சாண்டர்ஸால் மட்டுமே முடியும். மூவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அந்த வழி பிறந்திருக்காது. வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது சாண்டர்ஸுக்கு எளிதாயிற்று. பின்னர் பார்க்காமலே சில சொற்களைப் பிடித்தார்.

ஆனால் பேச்சிலிருந்து ஒத்ததிர்வைப் பிரித்தெடுத்த வெளிக்கருவி அப்போது ஆய்வகத்தைவிட்டு நகர முடியாதது. இதயமுடுக்கி செய்துவந்த ஒரு சிட்னிக் குழுமம் அதைச் சட்டைப்பையில் போடும் அளவுக்குக் கொண்டுவந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)