விசுவாசத்தை வளர்ப்பதும் தேய்ப்பதும் அன்றாடப் பழக்கமே

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இரண்டு மணி நேரம். ஒரு வாரத்துக்கோ 168 மணி நேரம். மீதமுள்ள 166 மணி நேரத்தில் யாரோடு பழகுகிறார், கைப்பேசியில் எதைப் பார்க்கிறார், சம்பளப் பணத்தை எதற்குச் செலவிடுகிறார் என்பதே ஒரு கிறிஸ்தவரின் ஆன்மீக வாழ்வைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

விசுவாசத்தை ஒரே நாளில் உதறிவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அது மெல்லத் தேய்கிறது. தோட்டத்து வீட்டில் பாட்டியின் மாலை ஜெபத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பட்டணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறது. முதல் மாதம் ஓவர்டைம் காரணமாக ஓர் ஆராதனை தவறுகிறது. அடுத்த மாதம் இரவு ஷிப்ட் முடிந்த களைப்பு. பிறகு அறை நண்பர்களோடு மாமாக் கடை, நம்பர் எடுப்பது, சனிக்கிழமை பீர். ஓராண்டுக்குப் பின் கேட்டால், “நான் இன்னும் கிறிஸ்தவன்தான்” என்ற பதில் வரும். ஆனால் ஜெபிக்கும் பழக்கம் எப்போது நின்றது என்று அதற்கே தெரியாது.

படிப்படியாக நகர்ந்த லோத்து

வேதாகமத்தில் இதற்குப் பொருத்தமான பாடம் லோத்தின் வாழ்க்கை. ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் சண்டை வருகிறது. எந்தப் பக்கம் வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளும்படி ஆபிரகாம் விட்டுக்கொடுக்கிறார். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைப் பார்த்த லோத்து அதைத் தெரிந்துகொள்கிறார். அங்கே அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

முதலில் அவருடைய கூடாரம் சோதோமை நோக்கிப் போகிறது. அடுத்த அதிகாரத்தில் அவர் சோதோமிலேயே குடியிருக்கிறார். 19-ஆம் அதிகாரத்தில் அந்த ஊரின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஊர் அழியப்போகிறது என்று அவர் எச்சரித்தபோது மருமகன்மாரே அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டனர். மனைவியையும் வழியில் இழந்தார். நல்ல சம்பளம், வசதியான இடம் என்பதை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு, சில ஆண்டுகளில் குடும்பத்தையே பாதிக்கலாம் என்பதே இதிலுள்ள எச்சரிக்கை.

முதலாம் சங்கீதமும் இதே படிகளைத்தான் காட்டுகிறது. தவறான ஆலோசனைப்படி நடப்பது, பிறகு அந்த வழியில் நிற்பது, கடைசியில் பரியாசக்காரரோடு உட்காருவது என்று மூன்று நிலைகளை அது சொல்கிறது. நடந்து போகிறவர் திரும்பிவிடலாம். உட்கார்ந்துவிட்டவருக்கு எழுவது கடினம்.

யாருடைய பேச்சு காதில் விழுகிறது?

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் அரசனானபோது, மக்கள் தங்கள் சுமையைக் குறைக்கும்படி கேட்டார்கள். முதியவர்கள் இரக்கமாகப் பதில் சொல்லச் சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபர்களோ, அப்பனைவிடக் கடுமையாக நடக்கும்படி தூண்டினார்கள். அவன் நண்பர்கள் பேச்சைக் கேட்டான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. காதுக்கு இனிமையாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் நல்ல நண்பர்கள் அல்லர்.

கெட்ட சகவாசம் நல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது பலருக்கும் தெரியும். அவர் அதைச் சொன்ன இடம் கவனிக்கத்தக்கது. உயிர்த்தெழுதலே இல்லை என்று சபையில் சிலர் பேசிய நேரம் அது. ஆகவே சகவாசம் கெடுப்பது குடிப்பழக்கத்தில் மட்டும் அல்ல. நம்பிக்கையின் அடித்தளத்தையே கேலி செய்யும் பேச்சு நாள்தோறும் காதில் விழுந்தால், அதுவும் உள்ளத்தை அரிக்கும். இன்று அந்தப் பேச்சு பெரும்பாலும் டிக்டாக், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே வருகிறது.

ஒதுங்கி வாழச் சொல்லவில்லை

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மற்ற சமயத்தாரோடு பழகக்கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. உலகத்தாரை முற்றிலும் தவிர்ப்பதானால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்று அதே நிருபத்தில் பவுல் விளக்குகிறார். இயேசுவும் வரி வசூலிப்பவர்களோடு பந்தியிருந்தார்.

தோட்டத்திலும் தாமானிலும் இந்து அண்டை வீட்டாரோடு கலந்து வாழ்வதே தமிழ்க் கிறிஸ்தவரின் இயல்பு. தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் கேக்கும் வீடு மாறிப் போவதில் விசுவாசம் குறைவதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கடன் வாங்கிச் சூதாடக் கூப்பிடுகிறவர், மனைவியை மதிக்காததை வீரமாகப் பேசுகிறவர் ஆகியோர் அதே சபையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். எந்தச் சமயத்தவர் என்பதைவிட, எந்தத் திசையில் இழுக்கிறார் என்பதைப் பார்ப்பதே சரி.

பேதுருவிடம் ஒரு வித்தியாசம் தெரிகிறது. குளிர்காய மற்றவர்களோடு நின்ற நெருப்பருகே அவர் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தார். ஆனால் பின்பு சீஷர்களிடமே திரும்பி வந்தார். விழுந்தவர் மீண்டும் எழுவதற்கும் நல்ல கூட்டம் தேவை.

பன்னிரண்டு பேர் போதும்

இந்த உண்மையை ஜான் வெஸ்லி நடைமுறைப்படுத்தினார். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபக்கூடக் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவது என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பாளர் என்றும் முடிவானது. காசு வசூலிக்க வீடுவீடாகப் போன பொறுப்பாளர்கள், குடியும் சண்டையுமாக இருந்த சில வீடுகளைக் கண்டார்கள். அதன்பின் அந்தச் சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடி, ஒருவரையொருவர் நலம் விசாரித்துத் திருத்தும் கூட்டங்களாக மாறின.

1885-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் பணி பின்னர் மலாயாவுக்கும் பரவி, தமிழ்ச் சபைகளும் உருவாயின. இன்று வீட்டுக் கூட்டம் என்றும் அன்பியம் என்றும் வெவ்வேறு சபைகளில் நடப்பவை இதே தேவையைத்தான் நிறைவேற்றுகின்றன. ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்க ஆள் இருக்கிறது.

சிறிய தெரிவுகள்

தானியேல் பலகணியைத் திறந்து ஜெபித்தது, ராஜாவின் தடை வந்த பிறகு தொடங்கிய வீரம் அல்ல. தினம் மூன்று வேளை ஏற்கெனவே செய்துவந்ததை அவர் தொடர்ந்தார். சோதனை நாளில் கைகொடுப்பது, சாதாரண நாளில் பழகியதுதான்.

வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிட ஜெபம், கைப்பேசியைத் தொடும் முன் வேதத்தில் ஒரு பகுதி, சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவை முதலில் ஒதுக்குவது, இரவு உணவுக்குப் பின் குடும்பமாக ஒரு ஜெபம் ஆகியவை பெரிய காரியங்கள் அல்ல. இரவு ஷிப்ட்காரர்களுக்கு ஞாயிறு முடியாவிட்டால், வார நாளில் கூடும் வீட்டுக் கூட்டம் இருக்கிறது.

பட்டணத்துக்குப் போகும் பிள்ளைக்கு வாடகை அறை தேடும்போதே, பக்கத்தில் எந்தச் சபை இருக்கிறது என்று பெற்றோர் விசாரித்து வைப்பது நல்லது. அங்குள்ள போதகரிடமோ ஒரு குடும்பத்திடமோ பிள்ளையை நேரில் அறிமுகப்படுத்திவிட்டால், முதல் ஞாயிறு தவறும்போதே விசாரிக்க ஒருவர் இருப்பார்.