அம்மா பெயருக்கு முளைத்த மீசை!

அப்பாவுடைய 1987 மாடல் பஜாஜ் சேட்டக்கின் முன்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. மூன்றே எழுத்து, கடைசியில் ஒரு 'லா'. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. துருவோடு சேர்ந்து பெயரும் உதிர ஆரம்பிக்கவே, வண்டியைப் பட்டறையில் விட்டோம். பளபளவென்று நீலமாகத் திரும்பி வந்தது வண்டி. பெயர் வரவில்லை.

"ஸ்டிக்கர் ஒட்டிடலாம்ப்பா."

"ஒட்டினது ஒருநாள் உரிஞ்சுடும்டா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அப்பா பேசாமலிருப்பது, பேசுவதைவிடப் பெரிய தொந்தரவு!

அக்கா பையன் ஓவியம் படிக்கிறான். அவனுடைய ஏர்பிரஷ்ஷையும் குட்டி கம்ப்ரஸரையும் கடன் வாங்கினேன். (பி.காம். படித்தவனுக்கு இது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.) பழைய எக்ஸ்ரே ஷீட்டில் எழுத்துக்களை வெட்டி, ஓரத்தில் செலோடேப் ஒட்டி, ஒரு தகரத்தில் ஒத்திகை பார்த்தேன். புஸ்ஸ்... ஷீட்டை எடுத்தால், அம்மா பெயருக்கு மீசை முளைத்திருந்தது! 'லா'வின் சுழி அடைபட்டு மைசூர் போண்டாவாகியிருந்தது.

அர்ஜென்டினாவில் 'கைகளின் குகை' என்று ஒன்று இருக்கிறது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே பாறைமேல் கையை வைத்து, எலும்புக் குழலால் சாயத்தை ஊதிக் கை அச்சு எடுத்திருக்கிறார்கள். அதிலும் ஓரம் மங்கல்தான். ஆனால், அவர்கள் எங்கப்பாவிடம் காட்ட வேண்டியிருக்கவில்லையே!

தகரத்தோடு பட்டறைப் பெயிண்டரிடம் போனேன். லாரிகளுக்கு எழுதியே தலை நரைத்தவர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விளக்குத் திரியில எண்ணெயை யாராச்சும் தள்ளியா ஏத்தறாங்க தம்பி? சந்து கெடைச்சா ஈரம் தானா ஓடும். நீங்க சந்தும் விட்டு, காத்தடிச்சு உள்ளே வேற தள்ளியிருக்கீங்க!"

எக்ஸ்ரே ஷீட் வளைவில் படியாதாம். ஸ்டிக்கர் கடையில் பசையுள்ள ஃபிலிமில் எழுத்தை வெட்டி வாங்கி வரச் சொன்னார். அப்பா வேண்டாமென்ற அதே ஸ்டிக்கர்! ஆனால் எழுத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஓட்டையை ஒட்டவேண்டும். 'லா' சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டைத் தொலைக்காமல் தனியாக ஒட்டவேண்டும். அதற்கு முன்னால் பாலிஷ், விரல் பிசுக்கு எல்லாம் போகச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். புது பெயிண்ட் சரியாகக் காயாமலிருந்தால் ஃபிலிமோடு அதுவும் உரிந்து வந்துவிடும் என்பதால் பத்து நாள் வாய்தா கொடுத்தார்.

பதினோராம் நாள், என் கம்ப்ரஸர் மீட்டரைப் பார்த்தார். 45. "தீயணைக்கவா போறீங்க?" என்று 20க்கு இறக்கினார்.

பிறகுதான் அசல் வித்தை. வெள்ளையை எடுக்கப் போன என் கையைத் தடுத்து, வண்டிக்கு அடித்ததில் மீந்திருந்த நீலத்தை நீட்டினார்.

"மொதல்ல ஓரத்துல இதை லேசா ஊதுங்க. கசிஞ்சாலும் நீலம்தானே கசியும்? நீலத்து மேல நீலம், எவனுக்குத் தெரியும்? சந்தும் அடைஞ்சுடும்."

ஆஹா, எங்கள் காண்ட்ரா என்ட்ரி! பதிவு உண்டு, பாதிப்பு இல்லை.

நீலம் காய்ந்ததும் வெள்ளை. துப்பாக்கியைச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் காற்று ஓரத்தைத் தூக்கிவிடும். நேராகப் பிடித்து, பனி விழுகிற மாதிரி ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. முதல் பூச்சில் எழுத்து தெரியவேயில்லை. எனக்குக் கை பரபரத்தது. "அவசரப்பட்டா மறுபடி மீசைதான்" என்றார். நான்காவது பூச்சில்தான் வெள்ளை நிறைந்தது. கடைசிப் பூச்சு முழுக்க இறுகும் முன்பே ஃபிலிமை மடக்கி, பின்பக்கமாக மெதுவாக உரித்தார். சுழி, கத்தியால் கீறினாற்போல் இருந்தது.

காசு வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார்.

நன்றாகக் காய்ந்தபின் அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். சுழியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"உங்கம்மா 'லா'வுக்கு இவ்ளோ பெரிய கால் போடமாட்டாடா" என்றார்.

கிக்கரை உதைத்து, தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.